புகைப்படத் திறனாய்வு: எண்ணூர்க் கரையிலிருந்து சில எண்ணங்கள்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



கவிதையைப் பேசுவதற்கென்று பத்தாண்டுகளாகக் கூடிவரும் ஓர் அவையில் புகைப்படத்தைப் பற்றி, அதிலும் புகைப்படத்தின் குறை நிறைகளை எடுத்துச் சொல்லும் முறையைப் பற்றிப் பேசுவது இடம் மாறி வந்த பேச்சாகத் தோன்றலாம். உண்மையில் இடம் மாறவில்லை. ஒரு கவியரங்கில் நடப்பது என்ன என்பதை அவையோர் அறிவர். வரி முடிவதற்குள் கைதட்டல், 'மீண்டும் ஒருமுறை' என்ற குரல், முடிவில் பொன்னாடை. அதே கவிதை அடுத்த வாரம் எதிரணியார் ஒருவர் கையில் சிக்கினால் தலை தப்பாது. பாராட்டும் வசையும் தாராளமாகக் கிடைக்கும் ஊரில், எழுதியவர் தம் அடுத்த கவிதையைச் சற்று நன்றாக எழுத உதவும் சொல் மட்டும் அரிதாகவே கிடைக்கிறது. புகைப்படத்துக்கு நேர்வதும் இதுவே. கவிதையைப் பற்றிக் கருத்துரைக்க ஓரளவேனும் படிப்பு வேண்டும் என்ற அச்சமாவது இருக்கிறது. படத்தைப் பற்றிச் சொல்லக் கண் இருந்தால் போதும் என்பது பொது எண்ணம். ஆகவே அங்கே 'அருமை', 'சரியில்லை' என்னும் இரண்டு சொற்களோடு திறனாய்வு முடிந்துபோகிறது.

இந்தக் குறை எல்லா ஊர்ப் படங்களுக்கும் பொதுவானதே. ஆனால் இராயபுரம் தொடங்கிக் காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று வடக்கே நீளும் கரையின் படங்களில் அது வெறும் ரசனைக் குறையாக நின்றுவிடுவதில்லை. அதற்குக் காரணம் உண்டு. வடசென்னையை அதிகமாகப் படம் எடுத்தவர்கள் வடசென்னையில் குடியிருந்தவர்கள் அல்லர். திரைப்படக்காரருக்கு அது அரிவாளும் குத்துச்சண்டையும். நாளேட்டுக்காரருக்குப் புகையும் வெள்ளமும். விடுமுறை நாளில் காமிராவோடு வருபவருக்குக் காசிமேட்டு விடியலும் வண்ணப் படகுகளும். இவற்றில் எதுவும் பொய் என்று சொல்லிவிட முடியாது. எல்லாம் சேர்ந்தும் அங்கே இருப்பவர் தம் தெருவை எப்படிக் காண்கிறார் என்பதைச் சொல்லவில்லை என்பதுதான் குறை.

இது பழைய கதை. மதராஸில் புகைப்படச் சங்கம் அமைந்தது 1850களில். கம்பெனிப் படை அதிகாரியான லின்னேயஸ் டிரைப் 1858இல் மதுரையையும் தஞ்சையையும் பெரிய எதிர்த்தகடுகளில் பதிவு செய்தார். இன்றும் அப்படங்களின் நுட்பம் வியப்பளிக்கிறது. அதன் பிறகு வந்தது 1876-78ஆம் ஆண்டுகளின் பெரும் பஞ்சம். அப்போது மதராஸ் மாகாணத்தில் வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்னும் மற்றொரு படை அதிகாரி, எலும்பும் தோலுமாகிவிட்ட மக்களைக் கூட்டம் கூட்டமாக உட்காரவைத்துப் படம் எடுத்தார். மங்கலில்லை, ஒளி சீராக இருக்கிறது, ஆட்கள் சட்டகத்துக்குள் ஒழுங்காக அமர்ந்திருக்கிறார்கள். போட்டிக்கு அனுப்பினால் மதிப்பெண் பெறும் படங்கள். அந்த ஒழுங்குதான் பார்ப்பவரை உறுத்துகிறது. பட்டினியால் சாகும் நிலையில் உள்ளவரை 'இப்படித் திரும்பி உட்கார்' என்று சொன்னது யார்? படம் எடுத்து முடிந்ததும் அவருக்குக் கஞ்சி கிடைத்ததா? இக்கேள்விகள் ஹூப்பர்மீது எழுந்தன, இன்னும் எழுகின்றன. இராயபுரத்து மணியக்காரர் சத்திரம் 1782இல் பஞ்சத்துக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய இடம். அதை ஒட்டி வளர்ந்த ஸ்டான்லி மருத்துவமனைக்குக் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்ற பெயர் ஊரார் வாயில் நெடுங்காலம் நிலைத்திருந்தது. பஞ்சத்தை அவ்வூர் வேறு விதமாக நினைவு வைத்திருந்தது என்பதற்கு அந்தப் பெயரே சான்று.

இந்த நிலை அண்மைக் காலத்தில் மாறத் தொடங்கியிருக்கிறது. மதுரை மாவட்டத்து ஜவகர்லால்புரத்தில் மீன் விற்கும் தாய்க்குப் பிறந்த பழனிக்குமார், 2017இல் வெளிவந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். தூய்மைப் பணியாளர்களின் வாழ்வையும் மரணத்தையும் தொடர்ந்து படமெடுத்துவருபவர். 2022இல் தயானிதா சிங் - பாரி ஆவணப் புகைப்பட விருது பெற்றவர். தம் தாயையும் அவர் படமெடுத்திருக்கிறார். அவ்வளவோடு நில்லாமல், மீனவர், தூய்மைப் பணியாளர் வீட்டுப் பிள்ளைகளின் கையில் காமிராவைக் கொடுத்து வகுப்பெடுக்கத் தொடங்கினார். வடசென்னை இளையோர் எடுத்த படங்கள் 2023இல் எழும்பூர் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பெற்றன. வெண்கல நடராசர்கள் இருக்கும் வளாகத்தில் வடசென்னைத் தெருக்கள் சுவரேறின என்பது சிறிய செய்தி அன்று.

பிள்ளை படம் எடுத்துவிட்டது. படம் சுவரில் தொங்குகிறது. எதிரில் நிற்பவர் என்ன சொல்ல வேண்டும்? இங்கேதான் திறனாய்வு தொடங்குகிறது. பெரும்பாலும் இங்கேயே தவறியும் விடுகிறது.

ஒரு படத்தை எண்ணிப் பார்க்கலாம். கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தை அடுத்த நீர்ப்பரப்பு. இடுப்பளவு நீரில் ஓர் இருளர் பெண். பனையோலையால் முடைந்த பறியைப் பல்லால் கடித்துப் பிடித்திருக்கிறார். இரண்டு கைகளும் நீருக்கடியில் சேற்றைத் துழாவுகின்றன. இறால் பிடிக்க அவருக்கு வலை கிடையாது, படகு கிடையாது, விரல்களே கருவி. கைகள் இரண்டும் வேலையில் இருப்பதால் பறியைப் பற்றும் பொறுப்பு பல்லுக்கு வந்துவிட்டது. அவருடைய தலைக்கு நேர் பின்னே அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி. நீர்விளிம்பு இடப்பக்கம் சற்றே சாய்ந்திருக்கிறது. பதினைந்து வயதுப் பெண்ணொருத்தி எடுத்த படம் என்று வைத்துக்கொள்வோம்.

புகைப்படச் சங்கப் போட்டிகளில் பழகியவர் இப்படத்தைக் கண்டதும் இரண்டு குறைகள் சொல்வார். முதலாவது, அடிவானம் சாய்ந்திருக்கிறது. இரண்டாவது, தலையிலிருந்து கம்பம் முளைத்ததுபோல் புகைபோக்கி நிற்கிறது. இரண்டடி தள்ளி நின்று எடுத்திருந்தால் அது விலகியிருக்கும். இவை ஆராயாமல் வரும் குறைகள் என்று ஒதுக்கிவிட முடியாது. தலைக்குப் பின்னே கம்பம் வராமல் பார்த்துக்கொள் என்பது தொடக்கப் பாடம். பெரும்பாலான படங்களுக்குப் பொருந்தும் பாடம். ஆனால் எண்ணூரில் அது எப்போதும் பொருந்துமா? ஆற்றில் சாம்பல் கலந்ததும், சேற்றின் தன்மை மாறியதும், இறால் குறைந்ததும் அந்தப் புகைபோக்கியோடு தொடர்புடையவை. இரண்டடி தள்ளி நின்றிருந்தால் படம் தூய்மையாக வந்திருக்கும். நூறாண்டுக்கு முன் எடுத்ததுபோல் காலமற்றதாகவும் ஆகியிருக்கும். சாட்சி கூண்டிலிருந்து இறங்கிப் போயிருப்பார்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அந்தப் பெண் புகைபோக்கியைத் திட்டமிட்டு வைத்தாளா, அது தானே வந்து விழுந்ததா என்பது எதிரில் நிற்பவருக்குத் தெரியாது. அவள் கண் முழுவதும் பறியைக் கடித்த பல்லின்மீது இருந்திருக்கலாம். அப்படியானால், 'தொழில்மயத்தின் கொடுமையை எவ்வளவு ஆழமாகக் காட்டிவிட்டாய்' என்று பாராட்டுபவரும் அவளுக்கு உதவவில்லை. தம் கருத்தை அவள் படத்தின்மேல் ஒட்டிவிட்டுப் போகிறார். அவள் அடுத்த முறை எங்கு போனாலும் பின்னே ஒரு புகைபோக்கியைத் தேடுவாள். வடசென்னைப் படம் என்றாலே முன்னே ஒரு மனிதர், பின்னே ஒரு புகைபோக்கி என்ற வாய்பாடு இப்படித்தான் உண்டாகிறது.

ஆகவே தீர்ப்புக்கு முன்னே செய்ய வேண்டியது படத்தில் உள்ளதைச் சொல்வது. 1967இல் எட்மண்ட் ஃபெல்ட்மன் என்ற அமெரிக்கக் கலைக்கல்வியாளர் விவரித்தல், பகுத்தல், பொருள்கொள்ளுதல், மதிப்பிடுதல் என்று நான்கு படிகளை வகுத்தார். 1990இல் டெர்ரி பாரட் புகைப்படத் திறனாய்வு பற்றி எழுதிய நூலிலும் விவரிப்புக்கே முதலிடம். கல்லூரிகளில் இவை பாடமாக உள்ளன. பயனுள்ள வகுப்புத்தான். ஆயினும் இதைக் கற்கத் தமிழ்க் கவிஞர் அவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை. முதல், கரு, உரி என்னும் பகுப்பு அவர் கையில் இருக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். படம் எங்கே, எந்த வேளையில் எடுக்கப்பட்டது? நிழல் எந்தப் பக்கம் விழுகிறது? நீர் ஏற்றத்திலா வற்றத்திலா? அடுத்தது கருப்பொருள்: உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில். படத்தில் என்னென்ன இருக்கின்றன. அவற்றின் பெயர் என்ன? இவற்றையெல்லாம் சொன்ன பிறகே உரிப்பொருளைத் தொட உரிமை வருகிறது. நெய்தலுக்கு இரங்கல் என்று மனப்பாடமாகச் சொல்லிவிட்டுப் படத்தில் அதைத் தேடுவது வேலையைத் தலைகீழாகச் செய்வது. உள்ளுறை தெய்வம் ஒழிந்த கருப்பொருள்களிலிருந்தே பிறக்கும் என்பது இலக்கணம். கண்முன் உள்ள பொருளைச் சரியாகக் காணாதவருக்கு உள்ளே உறையும் பொருள் எப்படிக் கிட்டும்?

பெயர் சொல்வது எளிதன்று. 'ஒரு கூடை', 'ஏதோ மீன்', 'படகு' என்று சொல்லும் திறனாய்வாளர் இன்னும் பார்க்கத் தொடங்கவில்லை. அது பறி. மீன் மடவை. படகு கட்டுமரமா, ஃபைபர் படகா, விசைப்படகா? ஃபைபர் படகுக்காரரும் விசைப்படகுக்காரரும் கடலில் ஒருவரோடு ஒருவர் மோதிக்கொள்ளும் ஊர்களில் அந்த வேறுபாட்டை அறியாமல் படத்துக்குப் பொருள் சொல்ல முடியாது. பெயர் தெரியாதபோது படம் எடுத்த பிள்ளையைக் கேட்கலாம். திறனாய்வின் முதல் கேள்வி பெரும்பாலும் 'இதற்கு என்ன பெயர்?' என்பதாக இருப்பதே நல்லது. கேட்கப்பட்ட பிள்ளைக்குத் தான் அறிந்தது விலையுள்ளது என்று தெரிய வருவது அதன் உடன்விளைவு.

இனி நிறத்தைப் பற்றி. தமிழ்நாட்டில் படம் பார்ப்பவர் சொல்லும் குறைகளில் மிகப் பழையது 'முகம் கருத்துவிட்டது' என்பது. இச்சொல்லில் இரண்டு வேறு குறைகள் ஒன்றாகக் கலந்துகிடக்கின்றன. பிரித்துப் பார்க்காமல் சொன்னால் தீங்கு விளையும்.

முதலாவது, உண்மையான நுட்பக் குறை. காமிராவின் ஒளிமானி தன்முன் உள்ள காட்சி முழுவதும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணிக்கொண்டு ஒளியை அளக்கிறது. நண்பகலில் எண்ணூர்க் கரையில் கடல் கண்ணாடிபோல் மின்னுகிறது. மணலும், உலர்ந்த சாம்பல் படிவும் வெளுத்துக் கிடக்கின்றன. இவ்வளவு ஒளியைக் கண்ட ஒளிமானி ஏமாந்து, எல்லாவற்றையும் சாம்பல் நிறத்துக்குத் தாழ்த்துகிறது. நடுவே நிற்பவரின் முகம் கண்ணும் மூக்கும் தெரியாத நிழலாகிவிடுகிறது. இதற்கு மருந்து உண்டு. ஒளியளவை ஒன்று அல்லது ஒன்றரை ஸ்டாப் கூட்டலாம். கைபேசியானால் திரையில் முகத்தின்மேல் விரலால் தொட்டால் அது முகத்துக்கேற்ப அளந்துகொள்ளும். அல்லது வெயில் முகத்தில் விழும்படி இடம் மாறி நிற்கலாம். இப்படிச் சொல்பவர் உதவுகிறார். அடுத்த நாள் காலையிலேயே பிள்ளை அதைச் செய்து பார்க்க முடியும்.

இரண்டாவது, குறையே இல்லாத ஒன்றைக் குறையென்பது. முகத்தின் ஒவ்வொரு மடிப்பும் தெரிகிறது, வியர்வை மின்னுகிறது, ஒளி சரியாக இருக்கிறது; தோல் கறுப்பு, அவ்வளவே. அதையும் 'கருத்துவிட்டது' என்பார்கள். கல்யாண ஆல்பங்களில் மணப்பெண்ணை இரண்டு நிறம் வெளுக்கவைக்கும் ஸ்டுடியோப் பழக்கம் அந்தக் கண்ணைப் பயிற்றுவித்திருக்கிறது. ஸ்டுடியோக்காரரை மட்டும் குறை சொல்வதும் நியாயமன்று. கோடாக் நிறுவனம் 1950களிலிருந்து அச்சுக்கூடங்களுக்கு அனுப்பிய, 'ஷெர்லி அட்டை' எனப்பட்ட மாதிரி அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைப் பெண்ணின் முகம். வண்ணம் சரியா என்று அச்சிடுவோர் ஒப்பிட்டுப் பார்த்தது அம்முகத்தோடுதான். கறுப்புத் தோல் சரியாக விழாதபோது தோலின்மேல் பழி போயிற்று. எனவே 'கருத்துவிட்டது' என்ற சொல் நாவில் எழும்போது, கண் தெரியவில்லை என்று சொல்ல வருகிறோமா, நிறம் பிடிக்கவில்லை என்று சொல்ல வருகிறோமா என்பதைத் திறனாய்வாளர் தம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். மீனவர் வீட்டுப் பிள்ளை தன் தாயின் படத்தைக் காட்டும்போது இச்சொல் எங்கே போய்த் தைக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

வசையைப் பற்றி இவ்வளவு சொன்னபின் பாராட்டையும் தொட வேண்டும். வடசென்னைப் பிள்ளைகளின் படங்களுக்கு இன்று கிடைப்பது பெரும்பாலும் வசையன்று, பரிவு. 'இந்தச் சூழலில் இருந்துகொண்டு இவ்வளவு செய்திருக்கிறார்களே' என்ற வியப்பு. அது கனிவாக ஒலிக்கிறது. உள்ளே இகழ்ச்சி இருக்கிறது. தேனாம்பேட்டைப் பிள்ளையின் மங்கலான படத்தை மங்கல் என்று சொல்லும் வாய், எண்ணூர்ப் பிள்ளையின் மங்கலான படத்தின்முன் கண்கலங்குகிறது. படமெடுக்கக் கற்க வந்தவருக்கு இரக்கம் கூலியாகாது. முதல் நூலுக்கு 'வளரும் கவிஞர்' என்று வாழ்த்துரை பெற்று, பத்தாவது நூலிலும் வளர்ந்துகொண்டே இருக்கும் கவிஞர்கள் இவ்வவைக்குத் தெரியாதவர்கள் அல்லர்.

அப்படியானால் குறையை எப்படிச் சொல்வது? லிஸ் லெர்மன் என்ற அமெரிக்க நடனக் கலைஞர் 1990இல் ஒரு முறையை உருவாக்கினார். படைப்பில் தம்மைத் தொட்டது எது என்பதைப் பார்த்தவர்கள் முதலில் சொல்கிறார்கள். பிறகு படைத்தவர் கேட்கிறார்: 'இந்த இடம் உங்களுக்குப் புரிந்ததா?' அதன்பின் பார்த்தவர்கள் கேட்கிறார்கள். கேள்விக்குள் தீர்ப்பை ஒளித்துவைக்கக் கூடாது. 'ஏன் இவ்வளவு சாய்த்து எடுத்தாய்?' என்பது தீர்ப்பு. 'எடுக்கும்போது எங்கே நின்றிருந்தாய்?' என்பது கேள்வி. இறுதியில்தான் கருத்து, அதுவும் 'இதைப் பற்றி ஒரு கருத்து உண்டு, சொல்லலாமா?' என்று இசைவு பெற்று. படைத்தவர் வேண்டாம் என்று சொல்லவும் உரிமை உண்டு. நேருக்கு நேர் சண்டையிட்டுப் பழகிய தமிழ் மேடைக்கு இது சற்று அளவுக்கு மீறிய நாகரிகமாகத் தோன்றக்கூடும். இசைவு கேட்கும் சடங்கு சில வேளைகளில் நாடகமாகிவிடுகிறது என்பதும் உண்மை. ஆயினும் படைத்தவர் முதலில் கேட்பது என்ற ஓர் ஏற்பாட்டுக்காகவே இம்முறையைக் கைக்கொள்ளலாம். முன் சொன்ன படத்தில், எங்கே நின்றிருந்தாய் என்று கேட்டால், 'கழுத்தளவு தண்ணீரில், படகைப் பிடித்துக்கொண்டு' என்று அந்தப் பெண் சொல்லக்கூடும். நீர்விளிம்பு ஏன் சாய்ந்தது என்பதும் அப்போது விளங்கிவிடும். சாய்வு குறையா, நிறையா என்ற பேச்சு அங்கிருந்துதான் தொடங்க முடியும்.

இன்னொரு வகைப் படத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும்; திறனாய்வு உண்மையிலேயே உதவக்கூடிய இடம் அதுதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே கொசஸ்தலை ஆற்றில் கலந்தது. அதற்கு ஏறத்தாழ ஏழாண்டுகளுக்கு முன், 2017 ஜனவரியில், காமராசர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது மக்கள் அதை வாளிகளால் அள்ளிய படங்கள் நாடெங்கும் பரவின. 2023இல் பரவியவை எண்ணெயில் நனைந்து கறுத்த கூழைக்கடாக்களின் படங்கள். அவை பரவியது நல்லதே. ஆனால் அவ்வெள்ளம் வடிந்தபின் வீட்டுச் சுவர்களில் ஒரு கறுப்புக்கோடு நின்றது. ஒரு சிறுவன் தன் வீட்டுச் சுவரின் அந்தக் கோட்டை மட்டும் படமெடுத்து வருகிறான் என்று கொள்க. வெளியாள் பார்த்தால் அது ஒரு சுவர், அழுக்கான சுவர். 'இதில் என்ன இருக்கிறது?' என்று கேட்டுவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவார். சிறுவனுக்கோ அது எண்ணெய் கலந்த நீர் தன் வீட்டுக்குள் ஏறிய உயரம்.

இங்கே பாராட்டும் உதவாது, விதியும் உதவாது. உதவுவது ஒரு குறிப்பு: 'கோடு எவ்வளவு உயரம் என்று படம் பார்ப்பவருக்குத் தெரியவில்லை.' அவ்வளவு போதும். அக்கோட்டுக்கருகே ஒரு காலண்டரோ, மின்விசைப் பொத்தானோ, நிற்கும் தங்கையோ இருந்தால் அளவு கிடைத்துவிடும். எதை வைப்பது என்பதைத் திறனாய்வாளர் சொல்லக் கூடாது. அது எடுப்பவர் வேலை. தங்கையை வைத்தால் படம் ஒரு பொருள் தரும்; மின்விசைப் பொத்தானை வைத்தால் வேறு பொருள், அச்சமூட்டும் பொருள். சிறுவன் திரும்பிப் போய் மூன்று விதமாக எடுத்து வருவான். அம்மூன்றையும் அருகருகே வைத்து எது எதைச் சொல்கிறது என்று பேசுவதுதான் வகுப்பு. நல்ல எதுகைக்காகப் பொருளைக் கைவிட்ட வரியையும், பொருளுக்காக எதுகையைக் கைவிட்ட வரியையும் அருகருகே வைத்துப் பார்க்கும் கவிஞருக்கு இது புதிய பழக்கமன்று.

படத்தில் இருப்பவரை எவரும் கேட்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பறியைப் பல்லில் கடித்த அந்தப் பெண்ணிடம் படத்தைக் கொண்டுபோய்க் காட்டினால் அவர் அடிவானத்தைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டார். பறி நிறைந்திருக்கிறதா, காலியா என்று பார்ப்பார். காலியாக இருந்த நாளில் எடுத்துவிட்டாயே என்று குறைப்பட்டுக்கொள்ளலாம். கைகள் நீருக்குள் இருப்பதால் தாம் என்ன செய்கிறோம் என்பதே படத்தில் தெரியவில்லை என்றும் சொல்லலாம். சும்மா நிற்பதுபோல் இருக்கிறதாம். படமெடுத்த பெண் அடுத்த நாள் அதே இடத்துக்குப் போய், இறாலோடு கை மேலே வரும் அந்த ஒரு நொடிக்காக நீரில் காத்து நிற்க வேண்டியிருக்கும்.